அப்பா பக்கத்து பிரேக்

மகளுக்கு ஏழு வயதிலேயே மார்பு வளரத் தொடங்கியது. பழி என் தலையில் விழுந்தது. "கண்டதையும் வாங்கிக் கொடுத்து வளத்தா இப்படித்தான். பிஞ்சுலயே பழுத்துடுச்சு" என்றாள் நாத்தனார், குழந்தையின் காதுபடவே. அன்றிலிருந்து குழந்தை வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை.

ஊசி போட்டு வளர்ச்சியை நிறுத்திவைக்கலாம், தாமதித்தால் எலும்பு முற்றி உயரம் நின்றுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கணவர் மசியவில்லை. "முதல்ல உன் சமையலை மாத்து. ஊசி கீசின்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்." கட்டிய நாளிலிருந்து அவர் மானத்துக்கு நான்தான் காவல்.

மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் டாக்டரம்மா அவர் பாஷையிலேயே ஆரம்பித்தார்.

"உங்க கார்ல ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கும்ல? அந்த மாதிரி, நேரம் வர்ற வரைக்கும் பருவத்தைப் பிடிச்சு நிறுத்துற மரபணு ஒண்ணு இருக்கு. அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. ஆனா அம்மா கொடுத்ததை உடம்பு பூட்டியே வச்சிருக்கும். அப்பாவோடது மட்டும்தான் வேலை செய்யும். உங்க பொண்ணுக்கு அதுலதான் ஒரு எழுத்து மாறியிருக்கு, பிரேக் பிடிக்கல."

அம்மா தந்தது வாயே திறக்காதாம். எங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

"உங்களுக்கு மீசை எப்ப முளைச்சுது சார்?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாலாங்கிளாஸ்லயே! எங்கப்பா தெருவையே கூப்பிட்டுக் காட்டினாரு, சிங்கக்குட்டின்னு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் செத்துவிட்டது. ஒரே கோளாறுதான். அவருக்கு வந்தால் சிங்கக்குட்டி, என் குழந்தைக்கு வந்தால் பிஞ்சில் பழுத்தது.

வெளியே பெஞ்சில் மகள் காத்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். கணவர் என்னிடம் குனிந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நம்பினேன், மடச்சி.

"அக்கா கேட்டா உன் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு சொல்லிடு. உங்க வீட்டாளுங்க வந்து கேக்கவா போறாங்க?"

வாய்வரை வந்த வசவை விழுங்கினேன். எலும்பு காத்திருக்காது.

"சொல்றேன். உள்ள போய்க் கையெழுத்துப் போடுங்க."

விட்டால் போதுமென்று போனார். மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எனக்கு இப்படி ஆனது உன்னாலதானாம்மா?"

உள்ளே இன்னும் கையெழுத்து விழவில்லை. "ஆமாம்மா" என்றேன்.

என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.