ஒண்ணும் இல்ல

பேனரில் தன் படம் நேராக நிற்கிறதா என்று பார்க்க நாலு அடி பின்னால் நகர்ந்துகொண்டே, "இடது பக்கம் கொஞ்சம் ஏத்துப்பா, இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டிருந்த தனசேகரன் பாதியில் நிறுத்தினான்.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரேவதி நிமிர்ந்து பார்த்தாள். தம்பி ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு அவள் கண்டதில்லை. காதுகுத்தோ கருமாதியோ, மைக் கைக்கு வந்தால் கரண்டு போனாலும் பேச்சை நிறுத்தாதவன். கட்சியில் ஒன்றியப் பொறுப்பு அவனுக்குக் கிடைத்ததே தொண்டையால்தான். இப்போது அவன் வலது காலை மெல்லத் தூக்கி, கீழே கிடந்த ரீப்பர் கட்டை ஒன்றை ஓரமாகத் தள்ளிவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா."

அந்த வார்த்தையைக் கேட்டு ரேவதி ஐஸ் பெட்டிப் பக்கம் திரும்பினாள். அதைச் சொல்லிச் சொல்லியே செத்துப்போனவர் அவள் கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடிக்குள் படுத்திருந்தார்.

பேனரில் 'இமயம் சரிந்தது' என்று போட்டிருந்தது. அண்ணன் ஆதிகேசவன் வாழ்நாளில் ஏறிய உயரம் திருப்பதி மலை, அதுவும் பஸ்ஸில். சரிந்த இமயத்தின் படம் தாம்பாளம் அளவுக்கு ஒரு மூலையில் இருக்க, கைகூப்பி நின்ற தனசேகரன் ஆளுயரத்துக்கு இருந்தான். வெளியூரிலிருந்து மாலையோடு வந்தவர்கள், செத்தது இவர்தானோ என்று ஒரு கணம் தயங்கி, பிறகு அவனே எதிரில் வந்து கும்பிட்டதைப் பார்த்துத் தெளிந்தார்கள்.

ஆதிகேசவனுக்கு ஓரிக்கையில் கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர், ரத்தத்தில் நிறைய சர்க்கரை. டிராக்டர் கொக்கி நழுவிக் கால் கட்டைவிரலில் விழுந்து நகம் பெயர்ந்தது. அண்ணி ரேணுகாம்பாள் கேட்டபோது ஒண்ணும் இல்ல என்றார். கையிலிருந்த கிரீஸையே தடவி, துணியைச் சுற்றிக்கொண்டு அறுப்புக்குப் போனார். வீக்கம் வந்தபோதும் அதே பதில். நாற்றம் வந்தபோது, எங்கேயோ எலி செத்துக் கிடக்குது என்று பரண்மேல் தேடச் சொன்னார். அண்ணியும் இரண்டு நாள் தேடினாள். ஆஸ்பத்திரியில் முதலில் விரல் என்றார்கள், பிறகு முழங்கால் என்றார்கள், அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

தனசேகரனுக்கும் அதே சர்க்கரை. வீட்டில் சர்க்கரை இல்லாத காபி, மேடையில் யார் கொடுத்தாலும் ஜிலேபி.

இவனா இப்படி என்று ரேவதிக்கு இருந்தது. சின்ன வயதில் கோயில் படியில் முட்டி சிராய்த்து ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்தால் போதும், அவன் போடும் கூச்சலில் பக்கத்துத் தெருவில் தறியை நிறுத்திவிட்டு வெளியே வருவார்கள். அண்ணன் ஓடிவந்து அந்தப் படியை உள்ளங்கையால் ஓங்கி அறைவார். "எங்க சேகரைத் தள்ளுவியா? இனிமே தள்ளுவியா?" படிக்கு அடி விழுந்தால்தான் அழுகை இறங்கும். இறங்கிய பிறகு, காயத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டுவான். ஒவ்வொரு வாசலிலும் புதிதாக ஆரம்பிப்பான். ஒரு வீட்டில் வெல்லம், ஒரு வீட்டில் பொட்டுக்கடலை. ஊரைச் சுற்றி முடிப்பதற்குள் காயம் ஆறியே போயிருக்கும்.

மீசை வந்ததும் உடம்பில் படும் காயங்களுக்கு அவன் வாய் மூடிக்கொண்டது. வேறு காயங்களுக்குத் திறந்தது. போன வருஷம் ஏதோ விழா அழைப்பிதழில் அவன் பெயர் கடைசி வரிக்குப் போய்விட்டது. அந்தக் காயத்தை ஏனாத்தூரிலிருந்து திருப்புட்குழி வரைக்கும் கட்சிக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் எடுத்துப்போய்க் காட்டினான். வெல்லத்துக்குப் பதில் டீ கிடைத்தது. அது இன்னமும் ஆறவில்லை.

பகல் திரும்பியதும் எடுத்துவிட்டார்கள். அண்ணன் மகன் குரு கொள்ளிச்சட்டியோடு முன்னால் போக, தனசேகரன் செருப்பில்லாமல் பக்கத்தில் நடந்தான். வழியெல்லாம் ரோஜா இதழ்களை வாரி இறைத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். ரேவதி அங்கே நின்று தம்பியின் முதுகையே பார்த்தாள். வலது காலை ஊன்றும்போது மட்டும் ஒரு தோள் தாழ்ந்து ஏறியது. அந்தக் காலோடுதான் பாலாற்று மணலில் இறங்கப் போகிறான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கட்டையைத் தேடி எடுத்தாள். முனையில் துருப்பிடித்த ஆணி ஒன்று செங்குத்தாக நின்றது. அண்ணனுக்கு எலி தேடிய வீட்டில் இன்னொரு எலி தேட அவளுக்குத் தெம்பில்லை. கட்டையைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

ஆற்றிலிருந்து திரும்புகிறவர்கள் வாசலில் கால் கழுவி, பிணம் கிடந்த இடத்தில் ஏற்றிய விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அவரவரே மொண்டு ஊற்றிக்கொள்வது வழக்கம். இன்றைக்கு டிரம் பக்கத்தில் ரேவதி சொம்போடு நின்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வரிசையாகக் காலை நீட்டினார்கள், போனார்கள். தனசேகரன் மட்டும் யாரோடோ பேசுவதுபோல் கடைசி வரைக்கும் பின்தங்கினான்.

"குடுக்கா, நானே ஊத்திக்கிறேன்."

"காட்டு."

தண்ணீர் மண்ணைக் கழுவிக்கொண்டு வந்து, பிறகு சிவப்பாக ஓடியது.

"ரோஜாப்பூ சாயம்க்கா. வழியெல்லாம் போட்டுக்கினு போனாங்க இல்ல."

ரேவதி டிரம்முக்குப் பின்னால் கைவிட்டுக் கட்டையை எடுத்து அவன் முன்னால் போட்டாள். "இந்த ரோஜாப்பூவா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். சாயங்காலம் இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள், தலைமை அவன்தான். குரலைத் தாழ்த்தி, கூட்டம் முடியட்டும் என்றான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். தீட்டு வீட்டுக்காரன் எப்படி ஆஸ்பத்திரிப் படி ஏறுவது என்றுகூடக் கேட்டான். சாங்கியத்தில் அவனுக்கு அத்தனை பற்று இருப்பது ரேவதிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"டேய் சேகரு."

நாற்காலிகளின் சத்தம் நின்றது. அவனுக்குக் குடை பிடிக்கும் சத்யராஜ், தலைவரை ஒருவர் 'டேய்' என்று கூப்பிட்டு அதற்கு முன் கேட்டதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பேனரைப் பார்த்தான்.

"அண்ணனும் நாளைக்கு நாளைக்குன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு," என்றாள் ரேவதி. குரலை உயர்த்தவில்லை. "இப்பதான் ஆத்துல வெச்சிட்டு வந்துகிறீங்க. வண்டில ஏறு."

தனசேகரன் ஆற்றுப் பக்கம் பார்த்தான். தென்னைகளுக்கு மேலே புகை இன்னும் கலையாமல் நின்றது. பிறகு, கூட்டணிக்கு நிபந்தனை போடுகிறவனைப்போல, "பின்பக்கமா போலாம்," என்றான்.

டவுனில் தெரிந்த கிளினிக் ஒன்று. ஸ்கூட்டரின் பின்னால் அவன் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தான். உள்ளே திரையை இழுத்துவிட்டார்கள். கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் வேண்டாம், சின்ன விஷயம் என்று கையசைத்துவிட்டுப் போனான். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எரியுமா?" என்று உள்ளே கேட்டது அவன் குரல்.

அடுத்த நொடி அந்தக் கூச்சல் வந்தது. டோக்கன் வைத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பாலுக்கு அழுதுகொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று, இவ்வளவு பெரிய ஆளா என்று வாயை மூடிக்கொண்டது. நர்ஸ் திரையை விலக்கித் தலையை நீட்டினாள். கையில் பஞ்சு இன்னும் நனையாமலே இருந்தது.

"நான் இன்னும் தொடவே இல்லமா," என்றாள்.

"கத்தட்டும்மா. நீ உன் வேலயப் பாரு."

நர்ஸ் உள்ளே போனாள். கூச்சல் நிற்கவில்லை. இடையில் மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

ரேவதி பெஞ்சிலிருந்து குனிந்து, கிளினிக்கின் டைல்ஸ் தரையை உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு இன்னொன்று அடித்தாள்.