கூடாது

"அடிப்படை உரிமைய யாருக்கு எதிரா கேக்கலாம்?" என்றபடி கலைமணி மேடம் பலகையில் 'அரசு' என்று எழுதி வட்டமிட்டபோது, மாலதியின் கை அவளைக் கேட்காமலே உயர்ந்துவிட்டது. சிதம்பரத்தில் ஞாயிறுதோறும் நடக்கும் எம்.பி.ஏ. வகுப்பு. வணிகம் படிக்க வந்த இடத்தில் அரசியல் சட்டம் எதற்கு என்று பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், எந்தத் தொழிலும் செய்யலாம்னு பத்தொன்பதாவது பிரிவுல இருக்கு. வீட்டுக்காரர் கூடாதுன்னா?"

தூங்கியவர்கள் விழித்துக்கொண்டார்கள்.

"பஞ்சாயத்து, முனிசிபாலிட்டியெல்லாம் அரசு. புருஷன் அந்தக் கணக்குல வரமாட்டாரும்மா. என்ன வேலையில இருக்காரு?"

"பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கு."

"அப்ப அவரும் அரசுதான மேடம்!" என்று பின்பெஞ்சிலிருந்து எழிலன் கத்தினான். "அக்கா, கேஸ் போடுங்க!"

மேடமும் சிரித்துவிட்டார். "ஆபீஸ்ல உக்காந்து உத்தரவு போட்டா அரசு. வீட்ல உக்காந்து போட்டா வெறும் புருஷன். அங்க இந்தப் பிரிவு செல்லாது."

ரயில் பரங்கிப்பேட்டையைத் தாண்டிய பிறகும் மாலதியின் காதில் வகுப்பின் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் வீட்டிலேயே ஆரி வேலை செய்து ரவிக்கை தைப்பவள். திருப்பாதிரிப்புலியூரில் தைலம்மாள் அக்கா தன் வீட்டு முன்னறையைக் கடைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் அது செல்போன் கடைக்குப் போய்விடும். கணவன் செம்பியன் சொன்னது ஒரே வாக்கியம்: "கவர்மெண்ட்ல இருக்கறவன் பொண்டாட்டி கடை வைக்கக் கூடாது." கோபமில்லை, சத்தமில்லை. அறிவிப்புப் பலகையை வாசிப்பது போலச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

கூடாது. ஆனால் யார் சொல்வது? அரசியல் சட்டத்தின் ஆங்கில வாசகத்தில் 'அரசு இதைச் செய்யலாகாது' என்று வரும்போது, வாக்கியத்தின் முன்னால் அரசு என்று ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது. கூடாது என்ற சொல்லுக்கு ஆளே இல்லை. வாசலில் நிற்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவள், சொல்வது யாரென்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. சொன்னது அரசாகவே இருந்துவிடட்டும் என்று இப்போது ஆசைப்பட்டது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. அரசின் மீது வழக்குப் போடலாம். செம்பியனுக்கு என்ன போடுவது? தோசைதான் போட முடியும். அவன் கெட்டவனுமில்லை. இந்தப் படிப்புக்கே அவன்தான் விண்ணப்பம் வாங்கி வந்தான். அதை நினைத்தால் எல்லாம் இன்னும் குழம்பியது.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலில் செம்பியன் வண்டியோடு நின்றான். வாக்காளர் பட்டியல் முகாமிலிருந்து நேராக வந்திருந்தான். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை தொங்கியது.

"ஏறு. மழ வர்றாப்புல இருக்கு."

அவள் ஏறவில்லை. "ஏங்க, கடை வைக்கக் கூடாதுன்னீங்களே. அது ஆபீஸ் ரூலா, நீங்க சொல்றதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணில்லீங்க. கிளாஸ்ல அதான் நடத்துனாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "ரூல்னு பாத்தா... வீட்ல யாராச்சும் தொழில் பண்ணா ஆபீசுக்குத் தெரிவிக்கணும். எழுதிக் குடுக்கணும். அவ்ளோதான்."

"அப்ப கூடாதுன்னு இல்ல."

"இல்ல."

"அப்பறம் யாரு சொன்னா?"

அவளுடைய போன் அடித்தது. தைலம்மாள் அக்கா. செம்பியன் அந்தப் பெயரைப் பார்த்தான், பார்வையை ரயிலடிப் பூக்காரியின் பக்கம் திருப்பினான். பிறகு கழுத்திலிருந்து அடையாள அட்டையைப் பட்டையோடு மெல்லக் கழற்றினான். அதைச் சட்டைப்பையில் போடப் போய், வண்டிப் பெட்டியைத் திறக்கப் போய், இரண்டையும் விட்டுவிட்டுக் கையிலேயே சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான். முதல் தூறல் விழுந்தது.

"அக்கா, சொல்லுங்க," என்றாள் மாலதி, அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.