எட்டுப் பேர் போக மிச்ச ஆள்

எழுபத்தெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன். எங்கள் கூடலூரில் நூலகம் என்று இருந்தது ஒரே ஓர் அறை, எட்டு நாற்காலி. ஊரோ வாசிக்கத் தொடங்கிவிட்டது. மலைத் தோட்டத்துக்குப் போய் வருகிறவன், ஏலக்காய் வியாபாரி, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் என்று சாயங்காலமானால் அத்தனை பேரும் அங்கேதான்.

உள்ளே ஆளை அடுக்குவது ஜீப் டிரைவர் கர்ணன். எட்டுப் பேருக்கு மட்டுமே அனுமதி உள்ள குமுளி ஜீப்பில் இருபது பேரை ஏற்றிப் பழகிய கை. “நீ முன்ன சாயி, நீ பின்ன சாயி, முழங்கைய மடக்கு” என்று நாற்காலிக்கு இரண்டு பேர், மடியில் ஒரு பிள்ளை, அலமாரி மேல் ஓர் ஆள் என்று அடைத்துவிடுவான். பேப்பரின் முன்பக்கத்தை நான் படித்தால் பின்பக்கத்தை எதிரே இருப்பவர் படிப்பார். அவர் முடிக்காமல் திருப்பினால் அடிதடிதான்.

இதில் பாவம், சொர்ணலதா. அரசாங்க வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பெண். அவளுக்கு வேண்டிய தடிப் புத்தகத்தை வீட்டுக்குத் தர விதி இல்லை. அந்த நெரிசலில் ஒரு பெண் எங்கே நுழைவது? ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். நூலகர் சுந்தர்ராஜ் உள்ளிருந்து புத்தகத்தை விரித்துப் பிடிப்பார். “ம்” என்றால் பக்கத்தைத் திருப்புவார். மழை வந்தால் படிப்பு கிடையாது. “உக்காந்து எழுத ஒரு நாற்காலி கெடச்சா பாஸாயிருவேண்ணே” என்பாள்.

சுந்தர்ராஜ் பெரிய கட்டடம் கேட்டு மனு மேல் மனு போட்டு, கடைசியில் இடத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கு ஊரே திரண்டு உள்ளே நெருக்கியடித்து நின்றோம். பார்த்ததும் மனுஷனுக்கு மூச்சு முட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

அரசாங்க வண்டி தெருமுனையில் திரும்பியது. வாசலில் நின்ற கர்ணனுக்குப் பழக்கம் முந்திக்கொண்டது. “ஏலே, ஆபீசரு வாராக! எட்டுப் பேரு போக மிச்ச ஆளு எறங்கு! சந்து வழியா நடந்து அங்கன போயி நில்லு!”

நாங்களும் அவன் ஜீப்பில் ஏறிப் பழகியவர்கள்தானே. செக்போஸ்ட் வந்தால் இறங்கிக் குறுக்கு வழியில் நடந்து அந்தப் பக்கம் ஏறிக்கொள்வது எங்கள் காலுக்கே தெரியும். அந்த எட்டுப் பேர் யார் என்று அவன் சொல்லாததால் எல்லோருமே ஓடினோம், சுந்தர்ராஜ் உட்பட. சந்துக்குள் போய் நின்ற பிறகுதான், எதற்கு ஓடிவந்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் அதிகாரி உள்ளே போய்விட்டார்.

எட்டு நாற்காலியும் காலியாகக் கிடந்ததைப் பார்த்த சொர்ணலதா, ஓடிப்போய் ஒன்றில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். “எல்லாரும் சந்துல நிக்கிறாக சார்” என்று உண்மையைச் சொன்னாள்தான். அதிகாரி கர்ணனைப் பார்த்தார். அவன் தன் தலையில் கை வைத்து, “சத்தியமா வேற ஆளே கெடையாது சார், இம்புட்டுத்தான்!” என்றான். எந்த அதிகாரி கேட்டாலும் அவன் வாயில் வருவது அது ஒன்றுதான்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. ஒரே ஒரு வாசகருக்காக ஒரு நூலகம் நடத்த இயலாது, எல்லாவற்றையும் கம்பம் ஊர் நூலகத்துக்கு அனுப்பவும்.

சாமான் ஏற்ற வந்ததும் கர்ணனின் ஜீப்தான். புத்தகமெல்லாம் ஏலக்காய்ச் சாக்கில் போனது. நாற்காலிகளைப் பின்னால் டிரெய்லரில் வைத்ததுமே சொர்ணலதா ஏறி ஒன்றில் உட்கார்ந்தாள். மடியில் அந்தத் தடிப் புத்தகம்.

“எறங்கு ஆத்தா” என்றான் கர்ணன்.

“மாட்டேன். இந்த நாற்காலி எங்கன போகுதோ, நானும் அங்கனதான்.”

நானும் ஏறினேன். அன்றைக்குச் சந்தில் நின்ற அத்தனை பேரும் ஏறினார்கள். கர்ணன் எங்களை அடுக்கினான்.

ஊர் எல்லையில் போலீஸ்காரர் கை காட்டினார். வண்டி நின்றது. ஒருவரும் இறங்கவில்லை.

“எத்தனை பேருய்யா?” என்று நோட்டை விரித்தார்.

“எட்...” என்று ஆரம்பித்த கர்ணன் திரும்பிப் பார்த்தான். சொர்ணலதா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஊரே இருக்கு சார். உக்கார எடமில்ல. எழுதுங்க சார், ஒருத்தர் விடாம எழுதுங்க.”