சுமதி போடாத கடை

மாவு மில்லில் நின்று ரகசியம் பேசக் கூடாது என்பது தேவயானிக்குத் தெரியாதது அல்ல. மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லவே தொண்டையைத் திறந்து கத்த வேண்டும். பன்னிரண்டு வருஷம் கத்தியதில் அவள் குரலே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறது என்பான் அவள் புருஷன் மணிமாறன்.

அன்று மலர்க்கொடியின் கோதுமையை மிஷினில் கொட்டிவிட்டுப் பேச்சோடு பேச்சாகத்தான் ஆரம்பித்தாள்.

"கேட்டு மட்டும் பின்னாடி வந்துடட்டும்க்கா..."

கரண்ட் போனது. மிஷின் இழுத்து இழுத்து அடங்கியது. தேவயானியின் குரல் அடங்கவில்லை.

"...சுமதி அவ எடத்துல கடையப் போட்டுடுவா! நோட்டு, பென்சிலு, கடல முட்டாயி! எல்லாம் யோசிச்சு வச்சிருக்கா, கெட்டிக்காரி!"

கடைசி வார்த்தை தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. தூக்குச் சட்டியும் பையுமாக வரிசையில் நின்ற ஐந்து பேர் அவளையே பார்த்தார்கள். மலர்க்கொடி மெதுவாக, "ஓ, சங்கதி அப்படிப் போவுதா?" என்றாள்.

பாராட்டாகத்தான் சொன்னாள் தேவயானி. ஆனால் ஐந்து பேர் ஐந்து தெருவுக்குத் திரும்பிப் போனபோது அவர்களோடு போனது வேறொன்று.

ஆலந்திடல் நடுநிலைப் பள்ளி செந்துறை சாலையைப் பார்த்து நிற்கிறது. விடிந்ததிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் சாலை. பள்ளி வாசலில் ஒரு வளைவு. தன் அப்பாவின் நினைவாக அதைக் கட்டிக் கொடுத்தவர் முத்துசாமி, மணிமாறனின் சித்தப்பா. வளைவில் பள்ளியின் பெயர் சின்னதாகவும் உபயதாரர் பெயர் பெரிதாகவும் இருக்கும்.

பள்ளியின் பின்சுவர் தெற்குத் தெருவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. ரேஷன் கார்டில்தான் அது தெற்குத் தெரு, பேச்சில் காலனி. அந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மணி சொந்த வீட்டு மணி மாதிரி காதில் விழும். ஆனால் வகுப்புக்குப் போக, தெருவை விட்டு வெளியே வந்து, லாரிச் சாலையின் ஓரமாகவே கால் கிலோமீட்டர் சுற்றி, முன்வாசல் வளைவுக்குள் நுழைய வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு காலை, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிய டிப்பர் ஒன்று மூன்றாம் வகுப்பு சிந்துவின் புத்தகப் பையைக் கொக்கியில் மாட்டி இழுத்தது. பை கிழிந்ததால் பிள்ளை பிழைத்தாள். முழங்கையில் சிராய்ப்போடு, வெள்ளைப் புழுதியில் சிதறிக் கிடந்த நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே அழுதாளாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி சுமதி. காலனிக்காரி. எட்டாவது வரை தேவயானியோடு இதே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தவள். இப்போது வீட்டில் தையல். அவள் புருஷன் தர்மன் ஓட்டுவதும் அதே மாதிரி டிப்பர்தான். "வண்டில ஏறி ஒக்காந்துட்டா எடது பக்கம் ஆறடிக்கு ஒண்ணுமே தெரியாது. புள்ள நின்னாலும் தெரியாது, மாடு நின்னாலும் தெரியாது" என்று அவன் சொன்னதை வைத்துத்தான் அந்த மாதக் கூட்டத்தில் சுமதி கேட்டாள். முன்வாசலைப் பூட்டிவிடலாம், பின்சுவரை இடித்து கேட் வைக்கலாம், ஊர்ப் பிள்ளைகளும் குளத்துக்கரை வழியாகத் தெற்குத் தெருவுக்குள் வந்து நுழையட்டும், எங்கேயும் லாரி கிடையாது. அன்றைக்கு எல்லோரும் நல்ல யோசனை என்றுதான் தலையாட்டினார்கள்.

மில்லில் கரண்ட் போனது அதற்கு அடுத்த வாரம்.

பின்சுவருக்கு நேர் எதிரே சுமதிக்கு மூன்று சென்ட் இடம் இருந்தது உண்மை. கடை போடும் ஆசை இருந்ததும் உண்மை. தையல் மிஷினையும் அங்கேயே கொண்டுவந்து போட்டு, பிள்ளைகளுக்கு வேண்டிய சாமானும் வைத்துக்கொண்டால் என்ன என்று சுமதி கேட்டது தேவயானி ஒருத்தியிடம்தான்.

ஊர் அதை எடுத்துக்கொண்டது. மிளகாய் அரைக்க வந்தவர், சுமதி கடைக்காகத்தான் கேட் கேட்கிறாள் என்றார். பச்சரிசி அரைக்க வந்தவர், கடை என்பது சும்மா, மனை விலை ஏறட்டும் என்று பார்க்கிறாள் என்றார். கேழ்வரகோடு வந்த பெண் அதற்கும் மேலே போனாள்.

"அதெல்லாம் இல்ல தேவயானி, வார்டு மெம்பர் எலக்‌ஷனுக்கு அடிபோடறா. இந்தத் தடவ பொம்பளைக்கு ஒதுக்கினாலும் ஒதுக்குவாங்க."

"அவதான் சொன்னாளா?"

"அவ எதுக்குச் சொல்லணும்? போட்டோ எடுக்கறப்ப நடுவுல நிக்கறால்ல?"

"நான் நல்ல விதமாத்தான் சொன்னேன்" என்று ஒவ்வொருவரிடமும் கத்திப் பார்த்தாள் தேவயானி. மிஷின் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை.

ஒரு மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து சுமதி வந்தாள். கையில் அரைக்க எதுவும் இல்லை.

"நீதான் சொன்னியாமே?"

"கெட்டிக்காரின்னு சொன்னேண்டி. சத்தியமா."

"தெரியும்." சுமதி மாவு படிந்த ஸ்டூலை முந்தானையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். "ஒங்க தெருவுல ஒருத்தர் கடை போட்டா பொழைக்கத் தெரிஞ்ச மனுசன். நான் போட்டா திட்டம் போட்டவ. கேட்டு கேட்டப்ப கடை ஞாபகமே இல்ல எனக்கு. அப்புறம் வந்துச்சு. வந்தா தப்பா?"

தேவயானி மூலையில் இருந்த சாக்கைப் பிரித்தாள். "வரமிளகா நல்லதா கெடைச்சுது, ஒரு கிலோ எடுத்துட்டுப் போறியா?" என்று கேட்டாள். சுமதி சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஏப்ரலில் முத்துசாமியே மில்லுக்கு வந்தார். வெள்ளை வேட்டியில் மாவு படாமல் வாசலிலேயே நின்றார்.

"ஒன் சிநேகிதிகிட்ட சொல்லும்மா. வளைவு எங்கப்பாரு நெனவா கட்டுனது, அத மூடறது சரியில்ல. ரெண்டு கேட்டு வச்சிக்கலாம். பின்பக்க கேட்ட என் செலவுல நானே செஞ்சு தர்றேன். யாருக்கு எது கிட்டக்கவோ அதுல போவட்டும்."

"நெசமாவா மாமா?"

"பேச்சு மாறுற ஆளா நானு?"

தேவயானிக்கு மனசு லேசானது. தன் வாயால் கெட்டது தன் வாயாலேயே சரியாகப் போகிறது என்று அப்போதே சுமதிக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் நின்றது.

"வேணாம்" என்றாள் சுமதி.

"ஏண்டி? நீ கேட்ட கேட்டு கெடைக்குது!"

"நான் கேட்டது ரெண்டு கேட்டு இல்ல."

போனை வைத்தபின் தேவயானி வெகு நேரம் மிஷினைப் போடாமல் நின்றாள். இரண்டு கேட் இருந்தால் காலனிப் பிள்ளைகள் மட்டும்தான் அந்த மூன்று சென்ட்டைத் தாண்டிப் போவார்கள். ஒரே கேட் என்றால் மொத்தப் பள்ளியும். அப்படியானால் ஊர் சொல்வதுதான் நிஜமா? அப்படி நினைத்ததும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை.

மாதத்தின் கடைசி வெள்ளி, மூன்று மணி. எட்டாம் வகுப்பு அறையில் கூட்டம். இருபத்துநான்கு உறுப்பினர்களில் பதினேழு பேர் வந்திருந்தார்கள். பெரும்பாலும் தாய்மார்கள், தேவயானியும் மலர்க்கொடியும் அவர்களில் இருவர். முன்னாள் மாணவர் என்ற முறையில் முத்துசாமி. பெஞ்சுகள் சின்னவை, பெரியவர்களுக்கு முழங்கால் இடித்தது. தலைமை ஆசிரியை பூங்குழலி தீர்மானத்தைப் படித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "அமைதியா பேசி முடிச்சுக்குவோம், நாலு மணிக்குப் புள்ளைங்கள விடணும்" என்றார்.

முத்துசாமி எழுந்தார். இரண்டு கேட், தன் செலவு, எல்லாவற்றையும் சொன்னார். பெஞ்சுகளில் ஒரு திருப்தி பரவியது.

"நீங்க சொல்லுங்க சுமதி" என்றார் தலைமை ஆசிரியை.

"ரெண்டு வேணாங்க டீச்சர். ஒண்ணு போதும்."

"ஏம்மா, வலிய வந்து தர்றதை வேணாங்கறியே?" என்றார் முத்துசாமி.

"ஐயா, முன்வாசல்ல லாரி வருதுன்னுதான் பேச்சே ஆரம்பிச்சுது. அதுல ஒங்க தெருப் புள்ளைங்க மட்டும் போவலாமா? லாரிக்கு யாரு வூட்டுப் புள்ளன்னு தெரியுமா?"

"அதெல்லாம் பாத்துப் போவாங்க."

"சிந்துவும் பாத்துதான் போனா."

முத்துசாமி சிரித்தார். கோபத்தில் அல்ல, விஷயம் பிடிபட்டுவிட்டவரின் சிரிப்பு. "சுத்தி வளைக்காதம்மா. ரெண்டு கேட்டு வந்தா ஒன் கடைக்கிப் பாதிப் புள்ளதான் வரும். அதானே கணக்கு?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மலர்க்கொடி வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். தேவயானி கரும்பலகையைப் பார்த்தாள். அதில் பின்னக் கணக்கு ஒன்று பாதியில் நின்றிருந்தது.

சுமதி எழுந்து போய் தலைமை ஆசிரியையின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். நின்றபடியே எழுதினாள். எழுதியதை வாசித்தாள்.

"தெற்குத் தெருவில் பள்ளிக்கு எதிரில் உள்ள என் இடத்தில் நானோ என் குடும்பத்தாரோ கடை வைக்க மாட்டோம். சுமதி." கையெழுத்துப் போட்டு முத்துசாமியிடம் நீட்டினாள். "கடை நெசந்தாங்க ஐயா. ஆசப்பட்டேன். செங்கல்லுகூட எறக்கி வச்சிட்டேன். இப்ப இல்ல. ஒரே கேட்ட வச்சிக் குடுங்க."



தேவயானி முகங்களைப் பார்த்தாள். இரண்டு மாதமாக மில்லில் அரைபட்ட ஒரே ஆட்சேபம் இந்தக் கடை. அது போய்விட்டது. யாருக்காவது நிம்மதி வந்திருக்க வேண்டும். யார் முகத்திலும் வரவில்லை. முத்துசாமி தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அந்தத் தெரு ரொம்பக் குறுகலுல்ல?" என்றது ஒரு குரல்.

"மழை பேஞ்சா சாக்கடை நிக்கும்."

"குளத்துக்கரைல பாம்பு கெடக்கு, போன வருசம்கூட ஒண்ணு அடிச்சாங்க."

குறுகலும் சாக்கடையும் பாம்பும் இதுவரை எங்கே இருந்தன என்று தேவயானிக்கு விளங்கவில்லை. தன்னிடம் என்ன காரணம் இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். மகள் நந்தினி பையை மாட்டிக்கொண்டு தினமும் அந்தத் தெருவுக்குள் நடந்து போகும் காட்சி வந்தது. மாமியார் என்ன சொல்வாள் என்பது வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சுமதியின் வீட்டை அவள் பார்த்ததே இல்லை. நடவுக்கு ஆள் கூப்பிடப் போனால்கூடத் தெருமுனையில் நின்றுதான் குரல் கொடுத்திருக்கிறாள். இந்த அறையில் ஊர்ப் பக்கமாக உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அந்த முனை வரைதான் போனவர்கள்.

"ஓட்டு எடுங்க டீச்சர்!"

மில் குரல். சின்ன அறைக்கு அது மிக அதிகம். பக்கத்துப் பெஞ்சுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரே கேட்டுக்கு நான் கைய தூக்கறேன். எம் பொண்ணு அந்த வழியா வருவா."

"தேவயானி" என்றார் முத்துசாமி.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. ஒங்க வளைவு எங்கயும் போவாது."

காலனித் தாய்மார்கள் ஆறு பேரின் கைகளும் சுமதியின் கையும் உயர்ந்தன. தேவயானியின் கையோடு எட்டு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வளையல் சத்தம் இரண்டு தரம் கேட்டது. "பத்து" என்று எண்ணி எழுதினார் தலைமை ஆசிரியை.

ஜூனில் பின்பக்க கேட் திறந்தது. நீல பெயிண்ட் அடித்த சாதாரண இரும்பு கேட், உபயம் என்று யார் பெயரும் இல்லை. முன்வாசலில் வளைவு அப்படியே நிற்க, அதன் கீழே பூட்டு தொங்கியது. ஊர்ப் பிள்ளைகளில் நான்கு பேரை வேன் வரும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். முத்துசாமி வீட்டு மிளகாய் செந்துறைக்குப் போய் அரைபட்டு வந்தது. மாமியார் பத்து நாள் தேவயானியிடம் பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் அதைப் பற்றிப் பேசவில்லை.

முதல் நாள் நந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு தேவயானி தெருமுனையைத் தாண்டினாள். தெரு அகலமாகத்தான் இருந்தது. இறக்கி வைத்த செங்கல் அந்த மூன்று சென்ட்டில் அப்படியே இருந்தது. அதன்மேல் மணி அடிக்கக் காத்து நாலு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் திண்ணையில்லாத தன் வீட்டு வாசலில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்த சுமதி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்க வூடு தெரிஞ்சிதா?" என்றாள்.

ஆடி பிறந்ததும் மில்லில் கூட்டம் கூடியது. மலர்க்கொடி பச்சரிசிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, ஓடும் மிஷினுக்கு மேலே கத்தினாள்.

"என்னாடி இது அநியாயம்! புள்ள பென்சில் தொலச்சிட்டான்னா மெயின் ரோடு வரைக்கும் ஓட வேண்டியிருக்கு. லாரி வேற. அவ எடம் சும்மாத்தானே கெடக்கு? ஒரு சின்னக் கடை போட்டா என்னவாம்? புள்ளைங்க மேல அக்கறை இருந்தாத்தானே!"

தேவயானி கையை நீட்டி சுவிட்சை அணைத்தாள். மிஷின் இழுத்து இழுத்து அடங்கும்வரை காத்திருந்தாள். வரிசையில் ஏழு பேர் நின்றார்கள்.

"என்னக்கா சொன்னீங்க? மிஷின் சத்தத்துல சரியா கேக்கல. இன்னொரு தரம் சொல்லுங்க."

மலர்க்கொடி வரிசையைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள்.

"மாவ நைஸா அரைன்னு சொன்னேன்" என்றாள்.