ஸ்டிடம் குடும்பத்தின் சனிக்கிழமை வழியனுப்பல்

ரயில் பாட்டென்றால் ஸ்டிடம் குடும்பம்தான். கென்டக்கியின் அந்த மலைப்பக்கத்தில் பால்குடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எல்லாம் பழைய பாட்டுகள். யாரோ எழுதி, யாரோ பாடிப் பேர் வாங்கியவை. ஹோபர்ட் கிட்டாரும் பாட்டும். அவர் தம்பி ஆர்வில் மவுத் ஆர்கனில் ரயில் விசில் ஊதுவான். மகள் ட்ரெஸி, அப்பா குரலோடு மேல்ஸ்தாயியில் சேர்ந்து இழையும் மேல்குரல். ஹோபர்ட்டின் மனைவி வெர்லீன், ஆளுயர பேஸ் வாத்தியத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு, டும் டும்மென்று சக்கரம் உருட்டுவாள். வீட்டை விட்டுப் போகிறவன், காதலியை விட்டுப் போகிறவன், ஜெயிலை விட்டுப் போகிறவன் என்று ஹோபர்ட் பாடாத பயணம் கிடையாது. மனுஷன் ஓட்டுவதோ பள்ளிக்கூட பஸ். ரயிலில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அந்த ஊர் வழியாகப் போவது நிலக்கரி வண்டி. அது யாருக்காகவும் நிற்காது.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் ட்ரெஸி, சின்சினாட்டி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்று சொன்னாள். மோரில் சோளரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"அப்ப மேல்குரல் யாரு பாடறது?" என்றார்.

"பெத்த பொண்ணு போறேங்கறா, நீ மேல்குரலுக்கு அழற," என்றாள் வெர்லீன்.

"ரத்த சொந்தம் பாடினாத்தான்டி குரல் ஒட்டும். கூலிக்குப் புடிச்சா ஒட்டுமா?"

கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது: வழியனுப்பும் கச்சேரி. கடைசிப் பாட்டின்போது ட்ரெஸி மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து, வாசல் வழியாகப் போகவேண்டும். அவர் நின்று பாடுவார். டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்தும் கிளோவிஸ் ராட்லிஃப்பின் கொட்டகையில் சனிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. மூக்கைச் சிந்தாத ஆள் இல்லை. சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து ட்ரெஸி கும்பிடு போட்டபோது கொட்டகை இடிந்துவிடும்போல் கைதட்டினார்கள்.

"அடுத்த சனிக்கிழமையும் அனுப்பி வைங்களேன்," என்றான் கிளோவிஸ்.

ஹோபர்ட்டுக்குக் கரும்பு தின்னக் கூலியா? அனுப்பினார். அதற்கடுத்த வாரமும் அனுப்பினார். ஊரே கூடி வாராவாரம் அழுது வழியனுப்பியது. பெண் மட்டும் போனபாடில்லை.

ஆஸ்பத்திரியில் ஒருமுறை தவணை கொடுத்தார்கள். இரண்டாவது முறை, திங்கள்கிழமை காலையில் வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள்.

"அப்பா, இன்னிக்குக் கச்சேரி முடிஞ்சு நெஜமாவே போகணும்ப்பா."

"போயேன் கண்ணு, யாரு வேண்டாங்கறா? அடுத்த வாரம் சர்ச் கூட்டம் பஸ் பஸ்ஸா வருது. அத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

கேட்டுக்கொண்டிருந்த வெர்லீனுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது போகாவிட்டால் இவள் இனி போகவே மாட்டாள். ஐம்பது வயதில் தன்னைப்போல இதே மேடையில் நின்று, போகிறவர்களைப் பற்றிப் பாடிக்கொண்டிருப்பாள். நினைக்கவே பொறுக்கவில்லை. அவர் அந்தண்டை போனதும் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குப் பின்வாசலுக்கு வராத. கார்ல ஏறி நேரா போயிடு."

"அப்பா பின்னாடியே ஓடி வருவாரேம்மா."

"அவர நான் பாத்துக்கறேன். நீ பாட்டுக்குப் போ."

அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். ட்ரெஸி இறங்கி நடந்தாள். பெண்கள் எட்டி எட்டி அவள் கையைத் தொட்டார்கள். வாசலைத் தாண்டினாள். ஹோபர்ட் பல்லவியை முடித்துவிட்டுப் பின்வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் பாடினார். அப்போதும் வரவில்லை. பாட்டை முடி என்று வெர்லீனுக்குக் கண்ணைக் காட்டினார்.

அவள் முடிக்கவில்லை. பேஸ் ஓடுகிறவரை ரயில் ஓடுகிறது, ஓடுகிற ரயிலிலிருந்து, அதாவது மேடையிலிருந்து, வாத்தியக்காரர் ஒருத்தரும் இறங்கக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். போட்டதே ஹோபர்ட்தான். வெர்லீன் இன்னும் விரட்டி வாசித்தாள். ஊதி ஊதி ஆர்விலின் முகம் சிவந்துவிட்டது. ஹோபர்ட் மைக்கை விட்டுத் தலையைத் திருப்பினார்.

"எங்கடி அவ?"

"போறா. பாடு."

பாடினார். பாதி வரியில் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டை அவர் அப்படிப் பாடியதில்லை. வெர்லீனுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. இந்நேரம் சர்ச் வாசலைத் தாண்டியிருப்பாள், பாலம் வந்திருக்கும், பெரிய ரோடு ஏறியிருப்பாள் என்று மனசுக்குள் மகளோடு போய்க்கொண்டே விரல் தோல் உரிய வாசித்தாள். பிறகுதான் கையை எடுத்தாள்.

கொட்டகை மொத்தமும் எழுந்து நின்றது. கிளோவிஸ் மேடைக்கே ஓடி வந்தான்.

"இன்னிக்கு அழுதீங்க பாருங்க, அதான் அழுகை. அடுத்த வாரமும் அப்படியே அழுதுடுங்க."

"அவ போயிட்டா கிளோவிஸ். நெஜமாவே போயிட்டா."

"அடப்பாவமே," என்றான் கிளோவிஸ். கொஞ்சம் யோசித்தான். "சர்ச் ஜனங்களுக்கு டிக்கெட் குடுத்தாச்சே. அப்ப அடுத்த வாரம் யாரு போறது?"

ஹோபர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

வெர்லீன் பேஸுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். "என்னை அனுப்பிடாத ஹோபர்ட்," என்றாள். "நானும் திரும்பி வரமாட்டேன்."