பதினொரு அடி மிச்சம்

சீரங்கன்காட்டுப் புறக்காவல் நிலையம் 2003ஆம் வருடம் ஆனி மாதத்துக்கும் ஐப்பசி மாதத்துக்கும் இடையில் இருநூற்றுப் பன்னிரண்டு அடி நகர்ந்தது. தெரு முனையிலிருந்து புறப்பட்டுத் தெருக்கடைசியில் வரிசையாக ஒட்டிக் கட்டியிருந்த லைன் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. வாசற்படி, கம்பி ஜன்னல், லாக்கப், பெயர் எழுதிய தகரப் பலகை என்று எதையும் விட்டுவிட்டு வரவில்லை. வழியில் நின்ற மின்கம்பம் கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தது. மின்வாரியத்தில் இதற்குப் பதிவு கிடையாது. அவர்கள் எதற்குத்தான் பதிவு வைத்திருக்கிறார்கள்!

லைன் வீட்டில் குடியிருந்த பாண்டியம்மாளின் புருஷன் மூக்கையா அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். கம்பெனியில் இரண்டு பண்டல் சரக்கு காணாமல் போயிருந்தது. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், லைன் வீட்டின் பதினெட்டுக் குடும்பங்களும் கறி வாசனையோடு வீட்டிலிருந்த நேரத்தில், ஏட்டு மருதாசலமும் இன்னொரு போலீஸ்காரரும் வந்தார்கள். “சின்ன விசாரணைதானுங்க, பத்து நிமிசத்துல உட்டர்றமுங்க” என்றார் ஏட்டு. மூக்கையா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனார். பாண்டியம்மாள் மிச்சச் சோற்றின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தாள். இருட்டும் வரை பார்த்துவிட்டு, நிலையத்துக்குப் போய்க் கேட்டாள். மருதாசலம் நாற்காலியைவிட்டு எழுந்து, “அப்படி யாருமே இங்க வரலீங்க அம்மணி” என்றார். இவ்வளவு மரியாதையாகச் சொல்லப்பட்ட பொய்யை அந்தப் பக்கம் யாரும் கேட்டதில்லை. அந்த நிமிடமே கட்டடம் லைன் வீட்டுப் பக்கமாக ஓரடி நகர்ந்தது. யாரும் கவனிக்கவில்லை.

அவள் தினமும் தான் தையல் வேலை பார்க்கும் கம்பெனிக்குப் போகும் முன் அங்கே போனாள், அதே கேள்வியைக் கேட்டாள், அதே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினாள். மூன்றாவது வாரம் டீக்கடைக்காரர், தன் கடைக்கு எதிரே இருந்த நிலையம் எதிரே இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். பக்கத்து வீட்டுக் கட்டிங் மாஸ்டர் சகாயராஜ் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் தார் ரோட்டில் கோடு போட்டு, இஞ்ச் டேப்பை விரித்து அளந்தார். பாண்டியம்மாள் போய் வரும் நாளெல்லாம் சரியாக ஓரடி. ஏட்டு கல்யாணத்துக்குப் போய் நிலையம் பூட்டிக் கிடந்த நாளில் ஒன்றுமில்லை. “இல்லன்னு சொன்னாத்தான் நகருதுக்கா. நீ கேக்குறத நிப்பாட்டாத” என்றார் சகாயராஜ். போலீஸ்காரர்கள் தங்கள் பங்குக்குத் தினமும் மாலையில் ‘கட்டடம் இருந்த இடத்திலேயே உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தார்கள்.

நாற்பது நாள் அவள் ஒருத்தியே கேட்டு நாற்பது அடி வந்தது. ஆவணியில் லைன் வீடே கிளம்பியது. டெய்லர்கள் ஷிப்டுக்குப் போகும்போது கேட்டார்கள், செக்கிங் பெண்கள் ஷிப்டு முடிந்து வரும்போது கேட்டார்கள். மூக்கையா எங்கே என்று கேட்பதும், வரலீங்க என்ற பதிலை வாங்கிக்கொள்வதும், கால் கீழே தரை நகர்வதும் ஒன்பதே நாளில் பழகிப்போயின. அந்த ஒன்பது நாளில் மட்டும் நூற்று அறுபத்தொரு அடி. கட்டடம் பாண்டியம்மாளின் வீட்டுச் சுவருக்குப் பதினொரு அடி தள்ளி வந்து நின்றபோது, யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதன்பிறகு அவள் போனால் மருதாசலம் கூரையைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், பல்லியைப் பார்த்தார். கட்டடம் அசையவில்லை.

ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். தீபாவளி சரக்கு நெருக்கியதில் மற்றவர்களுக்கு வேலையை விட்டு வர முடியவில்லை. அவள் மட்டும் போனாள். வீட்டுக்குள் படுத்தால் நிலையத்து டெலிபோன் அடிப்பது கேட்கும், அவ்வளவு பக்கம். சோறு இறங்கவில்லை, இரண்டு தடவை மிஷினிலேயே மயங்கி விழுந்தாள். கடைசியில் ஒரு நாள் ஏட்டின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இல்லன்னாவது சொல்லுங்கய்யா. ஒரு தடவ வரலன்னு சொல்லுங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” பொய்யைக்கூடப் பிச்சை கேட்க வைத்துவிட்டார்களே, அந்த வயிற்றெரிச்சல் சும்மா போகுமா? மருதாசலம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வெளியே போனார். அன்று அவர் சாப்பிடவில்லை என்று டீக்கடையில் சொன்னார்கள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் காவல்துறை பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம் போட்டார்கள். பந்தல், மைக்செட், ஆளுக்கொரு மிக்சர் பொட்டலம். வெளியூரிலிருந்து வந்த பெரிய அதிகாரிக்கு உத்தரவு விவரம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எழுதிக் கொடுத்த தாளை அவர் கம்பீரமாக வாசித்தார்: “இந்த நிலையத்துக்கு அழைத்துவரப்பட்ட ஒருவர்கூட வீடு திரும்பாமல் இருந்ததில்லை.” ஒரு ஆளுக்கு இல்லை, ஊருக்கே மைக்கில் சொன்ன பொய்; மிச்சமிருந்த பதினொரு அடியும் ஒரே மூச்சில் தீர்ந்தது. பந்தல் மடங்கியது, அதிகாரி மைக்கோடு சாக்கடையோரம் போய் உட்கார்ந்தார், லாக்கப்பின் பின்சுவரும் பாண்டியம்மாளின் வீட்டுச் சுவரும் ஒன்றில் ஒன்று கரைந்து, நடுவில் ஆள் நுழைகிற வழி விட்டது.

அவள் உள்ளே போனாள். யாரும் இல்லை. மூலையில் ஒரு ஆள் முதுகு சாய்ந்து சாய்ந்து ஏற்பட்ட வியர்வைக் கறை மட்டும் சுவரில் இருந்தது. பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த முதுகு தெரியாதா? கையால் தடவினாள். மருதாசலம் கம்பிக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

“வந்தாருங்க அம்மணி. நாந்தான் கூட்டியாந்தேன்.”

“திரும்பிப் போனாராய்யா?”

அவர் பெரிய நோட்டை எடுத்துப் பேர், ஊர், தேதி, உள்ளே வந்த நேரம், கூட்டி வந்தவர் பேர் எல்லாம் தன் கையாலேயே எழுதி, வெளியே போன நேரத்துக்கு உரிய கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, சீல் வைத்து அவளிடம் கொடுத்தார். கம்பிக் கதவில் சாவியை விட்டுவிட்டு நடந்து போனார். அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். பண்டல் சரக்கு கம்பெனியின் இன்னொரு குடோனிலேயே இருந்ததைப் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கண்டார்கள்.

இலாகா வேறு தெருவில் புது நிலையம் கட்டியது. பழையது என்று ஒன்று இருந்ததாகவே அவர்களிடம் காகிதம் இல்லை. நகராட்சி அதற்கு 14அ என்று கதவு எண் போட்டது. தபால்காரர் கம்பி வழியாகக் கடிதம் போடுகிறார். ஊத்துக்குளியிலிருந்தும் சேவூரிலிருந்தும், விசாரணைக்குப் போன மகனையோ தம்பியையோ தேடி அலுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வருகிறார்கள். பாண்டியம்மாள் அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “பேரச் சொல்லுங்க” என்று நோட்டைத் திறக்கிறாள். பேர், ஊர், தேதி, கூட்டிப்போனவர் யார் என்று தெளிவாக எழுதிக்கொள்கிறாள். வெளியே போன நேரத்துக்கு உரிய கட்டத்தை எல்லோருக்கும் காலியாகவே விட்டிருக்கிறாள். பேனாவை மூடுவதில்லை.