பட்டாபட்டிக்கு ஜப்பானில் ரசிகர்கள்

என் அப்பா சின்னுசாமியின் பட்டாபட்டி டவுசரை எத்தனை நாட்டு ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா அதை வீட்டுக்குப் பின்புறம், பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணில்கூடப் படாத கொடியில்தான் காயப்போடுவார். அவ்வளவு அடக்க ஒடுக்கமாக வாழ்ந்த டவுசர், ஒருநாள் சினிமாத் திரை முழுக்க, அதுவும் ஸ்லோமோஷன் காட்சியில், முன்னும் பின்னும் ஆடிவிட்டுப் போனது.

படத்தின் பெயர் 'கோடாலி வேந்தன்'. கதை என்ன என்று கேட்காதீர்கள், எடுத்தவர்களுக்கே தெரியாது. நாயகன் ஒரு கோடாலியால் போர்வெல் போடும் ரிக் வண்டியை இரண்டாகப் பிளப்பார். ஒரு பாதியைத் தூக்கி ஹெலிகாப்டர் மேல் எறிவார். விழுந்த ஹெலிகாப்டரின் இறக்கையைப் பிடுங்கி வில்லனின் ஆட்களைக் கரும்பு வெட்டுவது போல வெட்டிச் சாய்ப்பார். நடுவில் கை கழுவிவிட்டு வந்து அம்மாவுக்குச் சோறு ஊட்டுவார். கடைசிச் சண்டையில் அவர் தரையை ஓங்கி மிதிக்க, பூமி பிளந்து நெருப்பு கிளம்பும், ஜனம் தலைதெறிக்க ஓடும். அந்தப் புகைக்கு நடுவில், வேட்டி அவிழ்ந்து விழுந்தது தெரியாமல், இரண்டு கையையும் விரித்து ஆட்டிக்கொண்டு பட்டாபட்டியோடு ஒரு ஆள் ஓடுவார் பாருங்கள், அவர்தான் எங்கள் அப்பா.

அப்பா நடிக்கவில்லை. புதுச்சத்திரம் தாண்டி எங்கள் கோழிப்பண்ணை இருக்கிறது. அதை ஒட்டிய மேட்டுக்காட்டைச் சினிமாக்காரர்கள் பத்து நாள் வாடகைக்குப் பேசி எடுத்திருந்தார்கள். காடு எங்களுடையதில்லை. ஆனாலும் அப்பா போய், வெடி கிடி வைப்பீர்களா என்று கேட்டார். "வெடியெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டுக்குவோம் சார், உங்க கோழி தூங்கலாம்" என்று ஒரு தொப்பிக்காரர் சத்தியம் பண்ணினார். மறுநாள் மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது நிஜமாகவே வெடித்தார்கள். வீட்டு ஓடு அதிர்ந்தது. அப்பா எழுந்தவாக்கில் ஓடினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் அதைப் படத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

அவர் ஓடியது, வெடி வைத்த இடத்தை ஒட்டி இருந்த எங்கள் குஞ்சு ஷெட்டுக்கு. கூண்டுக்கு மாற்றாத குஞ்சுகள் தரையில் திரியும். மிரண்டால் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். ஆள் போய்க் கையை விரித்துக் கலைத்துவிட வேண்டும், அதுவும் உடனே. அப்பா போய்ச் சேர்வதற்குள் மூலையில் குவிந்துவிட்டன. சாயங்காலம் நானும் அம்மாவும் அப்பாவும் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். அப்பா ஒரு குஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அந்தத் தொப்பிக்காரனின் ஏழு தலைமுறையையும் வைதேன். இன்னும் வைகிறேன்.

இதை நாங்கள் வெளியே சொல்லவில்லை. கோழிக்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பண்ணையில் குஞ்சு செத்தது என்று பேச்சு கிளம்பினால், அது டீக்கடையைத் தாண்டுவதற்குள் நோய் என்று ஆகிவிடும். வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அதனால் அடுத்தவன் பண்ணையில் எத்தனை செத்தது என்று யாரும் யாரையும் கேட்பதும் இல்லை. ரொம்ப நெருங்கிய சொந்தம் என்றால், இழவு வீட்டில் விசாரிப்பது போலத் தணிந்த குரலில் கேட்பார்கள், அவ்வளவுதான்.

படம் வந்த முதல் நாள், நம்ம பக்கம் எடுத்த படமாச்சே என்று கோழிப் பண்ணையாளர் சங்கமே நாமக்கல் தியேட்டருக்குத் திரண்டு போயிருந்தது. பட்டாபட்டி வந்ததும் சங்கச் செயலாளர் சென்னிமலை மாமா சீட்டை விட்டு எழுந்து கத்தினாராம்: "அட, நம்ம சின்னுச்சாமிடா! வெடிக்குப் பயந்து வேட்டிய உட்டுப்போட்டு ஓடறான் பாரு!" தியேட்டர் கூரை போகாததுதான் பாக்கி. சென்னிமலை மாமா அம்மாவுக்குப் பெரியப்பா மகன். பங்காளி கேலி செய்தால் சண்டைக்குப் போகலாம். மாமன் மச்சான் கேலி செய்தால் சிரித்துத்தான் ஆக வேண்டும், எங்கள் பக்கத்து நியாயம் அது. அன்றிலிருந்து அப்பா 'பட்டாபட்டி' ஆனார். அவர் தலை தெரிந்தாலே டீக்கடையில் நாலு பேர் கையை விரித்து ஆட்டினார்கள். அப்பா டீக்கடையை விட்டார். பிறகு சங்கக் கூட்டத்தையும் விட்டார்.

"பயந்து ஓடலீன்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா" என்றேன்.

"அப்பறம் எதுக்கு ஓடுனேன்னு கேப்பானே சாமி?"

பயந்து ஓடினேன் என்றால் மானம் போகும், குஞ்சுக்காக ஓடினேன் என்றால் பண்ணை போகும். மனிதர் மானத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். இரண்டு வருஷம் இப்படியே போனது.

பண்ணையின் போன் நம்பர் என்னுடையது. இந்தத் தை மாதம் அதற்கு ஜப்பானிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஒசாகாவில் பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நத்சுகோ என்ற பெண் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். நாங்கள் நான்கு பேர் வருகிறோம், திரு. சின்னுசாமியைச் சந்தித்து அவர் பண்ணையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. யூடியூபில் அப்பா ஓடும் காட்சிக்குக் கீழே ஊர்க்காரர் யாரோ கேலியாக எழுதிப்போட்ட பெயரையும் பண்ணையையும் வைத்து நம்பரைத் தேடிப் பிடித்தாளாம். அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முகப்புப் படத்தில் எங்கள் அப்பா, பட்டாபட்டியோடு.

அங்கே 'கோடாலி வேந்தன்' ஒரு வருஷமாக ஓடுகிறதாம். மணி, கலர் விளக்கு, காகிதப் பூ எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கூச்சல் போட்டுப் பார்க்கிறார்கள். அப்பா வரும்போது தியேட்டரே எழுந்து நின்று கையை விரித்து ஆட்டுகிறது. எங்கள் டீக்கடைக் கேலி கடல் தாண்டிப் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. மறைக்க மனம் வரவில்லை. அப்பாவிடம் சொன்னேன்.

"சப்பான்காரனா?" அப்பாவின் முகத்தில் இரண்டு வருஷமாகக் காணாத வெளிச்சம். "முட்டைக்குத்தான் வாரான்! அங்க பச்சை முட்டையச் சோத்துல ஊத்தித் திங்கறாங்களாமா."

"இல்லப்பா. அவங்க அந்தப் படத்தப் பாத்துட்டு வாராங்க."

"படம் பாக்கறவன் முட்டை திங்கமாட்டானா? அரபு நாட்டுக்குப் போற முட்டை சப்பானுக்குப் போகக் கூடாதா?"

நாமக்கல்காரரிடம் வெளிநாட்டான் வருகிறான் என்று சொன்னால், அவர் காதில் முட்டை என்றுதான் விழும். அதோடு நின்றாரா? போனை எடுத்து, கூப்பிடாமல் விட்ட நம்பர்களையெல்லாம் கூப்பிட்டார். "மச்சான், சப்பான் பார்ட்டி ஒண்ணு வருது. சங்கத்துல எல்லாத்தையும் கூட்டியாந்துரு. ஆர்டர் கெடச்சா ஊருக்கே நல்லதுதானே." கேலி பண்ணிய அத்தனை பேரையும் பார்த்துப் பார்த்து அழைத்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க, சொந்தச் செலவுல சூனியமுங்களா?" என்றார். அப்பா காதில் வாங்கினால்தானே.

அவர்கள் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, பெரிய அளவு முட்டையாகப் பொறுக்கி ஒரு அட்டை நிறைய அடுக்கி வைத்தார். புது வேட்டி, இடுப்பில் பெல்ட். இனி எந்தக் காலத்திலும் அவிழாது என்று அந்த பெல்ட்டே சொன்னது. சென்னிமலை மாமாவும் சங்கத்துத் தங்கமுத்து அண்ணனும் மற்றவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வேன் வந்து நின்றது.

நான்கு பேரும் இறங்கினார்கள். நான்கு பனியனிலும் நெஞ்சில் அப்பாதான். டவுசரின் கோடுகூடப் பிசகாமல் அச்சடித்திருந்தார்கள்.

முன்வரிசையில் ஒரு துண்டு வாயைப் பொத்தியது. பிறகு இன்னொரு துண்டு. நத்சுகோ அப்பாவைக் கண்டதும் கண்ணீர் வழிய ஓடிவந்து, இடுப்புவரை வளைந்து வணங்கி, ஒப்பித்து வைத்திருந்த தமிழைத் தெளிவாகச் சொன்னாள்: "உன் வம்சத்தையே வேரோட அறுப்பேன்டா!"

"வந்ததும் வராததுமா இதென்ன அம்மிணி, சாபம் உடுது?" என்றார் அம்மா.

"வணக்கம் சொல்றாங்கம்மா. படத்துல கத்துக்கிட்ட தமிழு."

பண்ணை வாசலில், கிருமி உள்ளே வராமல் இருக்கத் தொட்டியில் வைத்த மருந்துத் தண்ணீரில் கால் நனைக்கச் சொன்னேன். நான்கு பேரும் கோயில் குளத்தில் இறங்குவதுபோல் பக்தியாக இறங்கினார்கள். கரையேறியதும் வரிசையாக நின்றார்கள். நத்சுகோ ஏதோ எண்ண, நான்கு பேரும் கையை விரித்து ஆட்டிக்கொண்டு பந்தலைச் சுற்றி, படத்தின் ஸ்லோமோஷன் போலவே, காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடினார்கள். அதில் ஒருவர் லாரி டிரைவராம், ஆறடி உயரம். அவர் ஓடியதில் முட்டை அட்டை ஆடியது.

அதற்குமேல் சங்கத்தால் தாங்க முடியவில்லை. சென்னிமலை மாமா நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, "பட்டாபட்டி சப்பான் வரைக்கும் போயிருச்சுடோய்!" என்று கூவினார். அப்பா ஒரு முட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் அதை மறுபடி அட்டையில் வைத்தார். என் வாழ்க்கையில் அந்த நிமிஷம்போல் யார்மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை. ஜப்பான், நாமக்கல் என்று வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் மருந்துத் தொட்டியில் முக்கி எடுக்கலாம் போல இருந்தது.

"போதும், நிறுத்துங்க. அவரைக் கேலி பண்ணவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று நத்சுகோவிடம் இங்கிலீஷில் கத்தினேன்.

அவள் திகைத்துப்போனாள். "கேலியா?" என்றாள். பையிலிருந்து ஒரு பெரிய போனை எடுத்து அந்தக் காட்சியை வைத்து, நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். ஜப்பான்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்த பார்வை எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் ஒரு தடவை பார்த்தோம், டவுசரைப் பார்த்தோம். அவர்கள் நூறு தடவை பார்த்து ஓட்டத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

"நாயகனுக்குத் தீப்பிடிக்காது, அதனால அவர் பயப்பட வேண்டியதில்ல" என்றாள். "மத்த எல்லாரும் நெருப்ப விட்டு இந்தப் பக்கம் ஓடறாங்க. இவர் ஒருத்தர் மட்டும் நெருப்பப் பாத்து ஓடறார். படத்துல உண்மையான வீரர் இவர்தான்னு நாங்க நினைக்கிறோம். ஆனா எதுக்கு ஓடறார்னு மட்டும் தெரியல. உள்ள மனைவி மாட்டிக்கிட்டாங்கன்னு நான் சொல்றேன். டிரைவர், இவர் வில்லனோட தம்பி, திருந்திட்டார்னு சொல்றார். அத அவர்கிட்டயே கேக்கத்தான் வந்தோம்."

அவள் சொன்னதை வரி விடாமல் தமிழில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், முன்வரிசைக்குக் கேட்கட்டும் என்று.

"வில்லனுக்குத் தம்பியா!" என்று சிரித்துக்கொண்டே சென்னிமலை மாமா போனை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தள்ளி மறுபடி பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. போனிலிருந்து தலையை எடுத்து, பந்தலுக்கு வெளியே தெரிந்த குஞ்சு ஷெட்டைப் பார்த்தார். அதன் மூலைத் தூணில் அன்றைய வெடியின் கரி இன்னும் படிந்திருந்தது. மறுபடி போனைப் பார்த்தார். அப்பாவின் விரிந்த கைகளைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவரும் முப்பது வருஷக் கோழிக்காரர். அந்தக் கையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"டேய் தங்கமுத்து, சிரிக்காத" என்றார்.

தங்கமுத்து அண்ணன் போனை எட்டிப் பார்த்தார். அடுத்தவர் பார்த்தார். ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஜப்பான்காரர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சென்னிமலை மாமா எழுந்து அப்பாவிடம் போனார். எந்தக் கூட்டத்திலும் மைக் இல்லாமல் நாலு ஊருக்குக் கேட்கப் பேசுகிற மனிதர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டும் கேட்காத குரலில் கேட்டார்.

"மாப்ள... எத்தன போச்சு?"

அப்பா குஞ்சு ஷெட்டின் பக்கம் திரும்பினார்.

"பாதிக்கு மேல மச்சான். நான் போறதுக்குள்ள மூலையில குமிஞ்சிருச்சு. எவ்வளவோ கலைச்சுப் பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே மாப்ள."

"என்னன்னு சொல்லச் சொல்றே?"

மாமா பிடித்த கையை விடவில்லை. அப்பா மறுகையால் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

நத்சுகோ என் முழங்கையைத் தொட்டாள். "அவர் என்ன கேக்கறார்?" என்றாள்.

எத்தனை செத்தது என்று கேட்கிறார் என இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் அவளுக்கு ஒரு கணக்குதான் கேட்கும்.

"எங்கப்பா எப்படி இருக்காருன்னு கேக்கறார்" என்றேன். "ரெண்டு வருஷத்துல இப்பத்தான் ஒருத்தர் கேக்கறார்."